வணிகம் பயில விரும்பும் தோழியருக்கு

"நீ சேரும் பிரிவிலேயே நானும் சேர்கிறேன்" என்னும் அன்புத் தோழியரே, சற்று நில்லுங்கள்! நம் நத்தத்து மாங்காய் மண்டியை நினைத்துப் பாருங்கள். வந்த சரக்கு, நின்ற கடன், கிடைத்த இலாபம் இவற்றுக்குப் பற்று வரவு எழுதிச் சரிபார்ப்பது பி.காம். எந்த ஊருக்கு அனுப்பலாம், எத்தனை ஆள் வேண்டும், முதலுக்கு என்ன வழி என்று முடிவெடுக்கக் கற்பது பி.பி.ஏ. விற்பனை, நிதி, மனிதவளம் என்னும் சிறப்புப் பிரிவுகள் இம்மூன்று கேள்விகளிலிருந்து பிறந்தவையே. பி.காமிலும் கணினிப் பயன்பாடு போன்ற பிரிவுகள் உண்டு. பெயரில் மயங்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் வணிகவியல் உண்டு. வெளியூர் விடுதிச் செலவை எண்ணும் பெற்றோர் இதை நினைவிற்கொள்க. மேல்நிலையில் கணக்குப்பதிவியல் படிக்காதவர்களைப் பல கல்லூரிகள் பி.பி.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அங்கும் கணக்குப்பதிவியல் காத்திருக்கிறது! கோடை விடுமுறையிலேயே இரட்டைப் பதிவு முறையைப் பழகத் தொடங்குங்கள். வீட்டு மளிகைக் கணக்கே போதும்.