பழையதை விடலாமா? கைக்கடிகாரத்தைக் கொண்டு ஒரு பாடம்



ஒரு பொருளை முதன்முறை வாங்கும்போது நாம் பலவும் ஆராய்கிறோம். அப்பொருளின் அடுத்த வடிவத்தை வாங்கும்போதோ அத்தகைய ஆராய்ச்சி நிகழ்வதில்லை. "பழையதாகிவிட்டது" என்னும் ஒரு சொல்லே போதிய காரணம் ஆகிவிடுகிறது. இன்று நம் இல்லங்களில் காணப்படும் ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் திறன்மிகு கைக்கடிகாரத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம். பழையதை எதுவரை வைத்துக்கொள்ளலாம், எப்போது மாற்றியே ஆகவேண்டும் என்று தெளிவதே இப்பாடத்தின் நோக்கம்.

எடுத்துக்காட்டு

ஓர் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். எழுபத்தைந்து வயதான அன்னையார் சிற்றூரில் தனித்து வாழ்கிறார். மகன் பெங்களூரில் பணிபுரிகிறார். அன்னையாரின் கையில் இருப்பது 2018 ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4. "அம்மா, இது பழையதாகிவிட்டது, புதியது வாங்கி அனுப்புகிறேன்" என்கிறார் மகன். "நன்றாகத்தானே ஓடுகிறது, தம்பி, வீண்செலவு எதற்கு?" என்கிறார் அன்னையார். இருவர் கூற்றிலும் அன்பு உண்டு. ஆயினும் இருவருமே இன்னும் ஆராயவில்லை.

முதற்படி: வாங்கிய நோக்கத்தை எழுதுக

ஒரு தாளில், இக்கடிகாரம் எதற்காக வாங்கப்பட்டது என்பதனை வரிசைப்படுத்தி எழுதவேண்டும். இவ்வில்லத்தில் முதல் நோக்கம், தனித்திருக்கும் அன்னையார் விழுந்துவிட்டால் அது பிறர்க்குத் தெரியவேண்டும் என்பதே. இவ்வகைக் கடிகாரங்களுள் விழுதலை அறியும் வசதி சீரிஸ் 4-இல்தான் முதன்முதலாக வந்தது. கடுமையாக விழுந்ததை உணர்ந்தால் அது மணிக்கட்டில் தட்டி, ஒலியெழுப்பி, திரையில் வினவும். ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவில்லையாயின் அவசர உதவி எண்ணை அழைத்து, முன்னரே குறித்துவைத்த உறவினர்க்கும் செய்தி அனுப்பும்.

இரண்டாம் நோக்கம், கதிரவன் மறையும் நேரத்தை அறிதல். இரவுண்ணாமையைக் கடைப்பிடிக்கும் நம்மவர்க்கு இது நாள்தோறும் பயன்படுவது. மூன்றாவது, இதயத் துடிப்பின் சீரைப் பார்க்கும் இ.சி.ஜி. வசதி. இதுவும் சீரிஸ் 4-இல் உண்டு. ஆயினும் இக்கடிகாரம் மாரடைப்பைக் கண்டறியாது என்று அதனைச் செய்வோரே எச்சரிக்கின்றனர். நெஞ்சுவலி தோன்றின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கதிரவன் மறையும் நேரத்தைப் புதிய கடிகாரமும் பழைய கடிகாரமும் ஒன்றுபோலவே காட்டும். அந்நோக்கத்துக்காக மாற்றவேண்டுவதில்லை.

இரண்டாம் படி: முதுமை எங்கே உள்ளது?

கடிகாரத்தின் முதுமை மூவகைப்படும். அவற்றைக் கலந்து பேசுவதாலேயே குழப்பம் விளைகிறது.

ஒன்று, மென்பொருளின் முதுமை. சீரிஸ் 4 ஏற்கும் இறுதி மென்பொருள், 2023 ஆம் ஆண்டு வந்த வாட்ச் ஓ.எஸ். 10 ஆகும். 2024 ஆம் ஆண்டின் பதிப்பு சீரிஸ் 6-க்கு முற்பட்டவற்றை ஏற்கவில்லை. எனினும் முன்னரே உள்ள விழுதலறியும் வசதி இதனால் நின்றுவிடவில்லை.

இரண்டு, மின்கலத்தின் முதுமை. புதிதாக இருந்தபோது ஒருமுறை மின்னேற்றினால் 18 மணி நேரம் உழைக்கும் என்பது இக்கடிகாரத்தின் கணக்கு. லித்தியம் அயனி மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவை இழக்கும். கடிகாரத்தின் அமைப்புகளில், மின்கலம் என்னும் பகுதியில் இவ்வளவைக் காணலாம். அது 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியிருப்பின் மின்கலத்தை மாற்றும் காலம் வந்தது எனக் கொள்க.

மூன்று, பழுதுநீக்கும் வாய்ப்பின் முதுமை. ஒரு வகையின் விற்பனை நிறுத்தப்பட்டு 5 ஆண்டுகள் கடந்தபின், உதிரிப்பாகம் கிடைத்தால் மட்டுமே பழுதுநீக்குவர். 7 ஆண்டுகள் கடந்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை. சீரிஸ் 4 விற்பனை 2019 ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஆதலின் மின்கலம் மாற்ற விரும்புவோர் பணிமனையில் விரைந்து கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாம் படி: உண்மையான குறையைக் காண்க

நம் எடுத்துக்காட்டில் அன்னையார் மாலையில் மின்கலம் தீர்ந்துவிடுவதால், இரவெல்லாம் கடிகாரத்தைக் கழற்றி மின்னேற்ற வைக்கிறார். நள்ளிரவில் அரையுறக்கத்தில், அரையிருளில், ஈரத்தரையுள்ள குளியலறைக்குச் செல்லும்போது கடிகாரம் மேசைமேல் கிடக்கிறது. எந்த நேரத்துக்காக அதனை வாங்கினரோ அந்த நேரத்தில் அது கையில் இல்லை. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற சொல் இங்கே பொய்த்துவிடுகிறது.

மகனின் கூற்றும் இதற்குத் தீர்வாகாது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் வெளிவந்த எஸ்.இ. 3 என்னும் வகைக்கும் 18 மணி நேரமே கணக்கு. சீரிஸ் 11-க்கு 24 மணி நேரம். அவற்றையும் நாள்தோறும் மின்னேற்றவேண்டும். புதியதை வாங்கிப் பழைய வழக்கப்படி இரவில் மேசைமேல் வைத்தால் பணம் செலவாகும். இடர் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் மாற்றவேண்டியது மின்னேற்றும் வேளையே. கதிரவன் மறையுமுன் உணவை முடித்தபின், ஓரிடத்தில் அமர்ந்து நூல் படிக்கும் 2 மணி நேரத்தில் மின்னேற்றிவிட்டு, உறங்குமுன் அணிந்துகொள்ளலாம். ஏழு நாள்கள் இவ்வாறு செய்து, உறங்கும்போதும் விழிக்கும்போதும் எஞ்சிய மின்னளவை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஏழு இரவும் கடிகாரம் விழித்திருந்தால் மாற்றத் தேவையில்லை. இடையில் தீர்ந்துவிட்டால் புதிய மின்கலத்துக்கு முயல்க. அதுவும் இயலாதாயின், அன்றே புதிய கடிகாரத்துக்கு இசைவளிக்கவேண்டும். காவாத பொருளைச் சிக்கனத்தின் பெயரால் கட்டிக்கொண்டிருத்தல் அறமன்று.

நான்காம் படி: வாங்குவதாயின்

எஸ்.இ. 3-இன் தொடக்க விலை 25,900 ரூபாய் எனவும், சீரிஸ் 11-இன் தொடக்க விலை 46,900 ரூபாய் எனவும் வெளியீட்டின்போது அறிவிக்கப்பட்டன. எஸ்.இ. 3-இல் விழுதலறியும் வசதி உண்டு, விரைவாக மின்னேறும், ஆனால் இ.சி.ஜி. வசதி இல்லை. புதியது என்பதனாலேயே பழையதில் உள்ளவை அனைத்தும் அதில் இருக்கும் என்று கொள்ளலாகாது. இதயத் துடிப்பின் சீரைக் கவனிக்கும்படி மருத்துவர் கூறியிருந்தால் எஸ்.இ. 3 பொருந்தாது, அவ்வாறு கூறவில்லையாயின் அதுவே போதும்.

இவ்விரண்டுக்கும் ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய கைப்பேசி வேண்டும். அன்னையாரின் கைப்பேசி அதனினும் பழையதாயின் ஒரு செலவு இரு செலவாகும். வாரைப் பொறுத்தவரை, சீரிஸ் 4-இன் வார் இவ்விரண்டுக்கும் அளவொத்துப் பொருந்தும். 2023 ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் நிறுவனம் தோலால் வார் செய்வதை நிறுத்திவிட்டது. பிற விற்பனையாளரிடம் வாங்குவோர் தோலன்று என்பதைக் கேட்டுத் தெளிக.

எக்கடிகாரமாயினும் மூன்றினைச் சரிபார்த்தல் வேண்டும்: விழுதலறியும் வசதி இயக்கப்பட்டுள்ளதா, உறவினர் எண் சரியானதா, தனியிணைப்பு இல்லாத கடிகாரமாயின் கைப்பேசி அருகில் உள்ளதா. எல்லா விழுதலையும் கடிகாரம் உணராது. ஆதலின் நாள்தோறும் காலையில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சொல் பேசும் வழக்கத்தையும் விடலாகாது.

மாற்றியபின் பழையதைப் பெட்டியில் சேர்த்துவைத்தல் மிகுபொருள் விரும்புதலே ஆகும். கைப்பேசியிலிருந்து அதன் இணைப்பை நீக்கி, பயன்படுத்துவோர்க்கு அளிக்கலாம். பயனற்றதாயின் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.

பயிற்சி

1. உங்கள் இல்லத்துக் கடிகாரம் எதற்காக வாங்கப்பட்டது? மூன்று வரிகளில் எழுதுக.
2. நேற்றிரவு அது எங்கே இருந்தது?
3. அதன் குறை பொருளில் உள்ளதா, நம் வழக்கத்தில் உள்ளதா?

இரண்டாம் வினாவுக்கு உரிய விடையை இன்றே தொலைபேசியில் உங்கள் பெற்றோரிடம் கேட்டறிவீர்களாக.