ஸ்கேனரில் பில்களை வைக்கும் முறை

கொள்முதல் பில், லாரி ரசீது, எடைச் சீட்டு எல்லாவற்றையும் இப்போது நம்மில் பலர் ஸ்கேன் செய்து ஆடிட்டருக்கு அனுப்புகிறோம். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்றை என் கடைக்கும் பேரன் வாங்கி வைத்தான். வந்த முதல் வாரமே, பருப்பு மில்லிலிருந்து வந்த பில்லை ஸ்டேப்ளர் பின்னோடு வைத்துவிட்டேன். பில் எண் இருந்த இடத்தில் கிழிந்துபோயிற்று. பின் உள்ளே கண்ணாடியைக் கீறியதால், அதன்பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மில்காரரிடம் நகல் கேட்டு வாங்கப் பத்து நாள் ஆயிற்று. ரிப்பேர் செலவு தனி.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டு பில் என்றால் 31-12-2030 வரை. ஸ்கேன் செய்யப் போய் அசலையே கிழித்துக்கொண்டால் யாரிடம் சொல்வது?

முதலில் பின், குண்டூசி, கிளிப் அனைத்தையும் எடுத்துவிடவும். பில்லைக் கம்பியில் குத்தி வைப்பது நம் கடைகளில் பழக்கம். அந்த ஓட்டையின் பிசிறு அடுத்த தாளைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் நீவிவிடவும். மடிப்பையும் நேராக்கவும். பிறகு கட்டை விசிறி போல் இரண்டு மூன்று முறை விரித்தால் ஒட்டிய தாள்கள் பிரியும். மேசைமேல் தட்டி முனைகளைச் சமப்படுத்தி வைக்கவும். இருபுறமும் உள்ள தடுப்புகள் தாளை லேசாகத் தொட்டால் போதும். தளர்ந்திருந்தால் தாள் கோணிக்கொண்டு போகும், இறுக்கினால் மடங்கும். எழுத்துப் பக்கம் மேலா கீழா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். தட்டில் உள்ள படத்தைப் பார்க்கவும். அளவுக் கோட்டுக்கு மேல் அடுக்க வேண்டாம். சின்னச் சீட்டையும் பெரிய பில்லையும் கலக்காமல் தனித்தனியாக விடுவது நல்லது.

கிழிந்தது, ஈரமானது, எண்ணெய் பட்டது, கோந்து காயாதது ஆகியவற்றை உள்ளே விடக் கூடாது. இவற்றைச் செல்போனில் படம் எடுத்தாலே போதும். பளபளப்பான எடைச் சீட்டில் சூடு பட்டால் எழுத்து மங்கிவிடும். அதை வந்த அன்றே எடுத்துவிடவும்.

தாள் நடுவில் சிக்கினால் வெளியிலிருந்து இழுக்காதீர்கள். மூடியைத் திறந்து மெதுவாக எடுக்கவும். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் உருளைகளில் தூசி சீக்கிரம் படியும். மெஷினை அணைத்துவிட்டு, கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி துடைக்கவும்.

லாரியில் வந்த மூட்டையை எண்ணாமல் இறக்குவோமா? தாளையும் அப்படியே எண்ணி வைக்கவும். ஒருமுறை 41 தாள் வைத்தேன், 40 படம்தான் வந்தது. மல்லி பில்லும் அதன் லாரி ரசீதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயிருந்தன. எண்ணாமல் இருந்திருந்தால் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும். கணக்கு சரியான பிறகே கட்டைக் கட்டி மேலே ஏற்றுகிறேன்.