அம்மா வாசிக்கலாம், மகள் எழுதலாம்

அம்மாவும் மகளும் சேர்ந்து சேவைக்குப் போவதென்று முடிவுசெய்தால், ஒருநாள் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகளை விட்டுவிடுங்கள். ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படும் வேலை ஒன்று இருக்கிறது: பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசிப்பது, அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருவது. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா போன்ற இடங்களில் இந்த மாணவர்கள் படிக்கிறார்கள். கல்லூரியிலேயே விசாரிக்கலாம்.

எழுதித் தருபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பல தேர்வுகளில் விதி உண்டு. பட்டதாரி அம்மாவுக்கு அங்கே இடம் கிடைக்காமல் போகலாம். பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கிடைக்கலாம். அம்மா பாடங்களை வாசித்துப் பதிவு செய்யட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியில், ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு. பக்க எண்ணைச் சொல்லுங்கள். அட்டவணை வந்தால் தாண்டிப் போகாமல் வரிசை வரிசையாக வாசியுங்கள். பெரும்பாலும் மாணவர்கள் தவித்துப்போவது அங்கேதான்.

மகளின் வேலை இன்னும் கடினம். மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம் எழுதத் தயாராக இருக்க வேண்டும். கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து இரண்டு முறை வாசிக்க வேண்டும். விடை தவறென்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. குரலில்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. தேர்வுக்கு முன்பே அந்த மாணவரைச் சந்தித்து ஒருமுறை எழுதிப் பழகிவிடுவது நல்லது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் போகாமல் இருப்பதைப் போல் பெரிய துரோகம் இதில் வேறில்லை. ஒருவரின் பருவமே வீணாகிவிடும்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைப்பாளரிடம் மகளுக்காக நீங்கள் பேசாதீர்கள். வர முடியாத நாளை அவளே சொல்லட்டும், திட்டு விழுந்தால் அவளே வாங்கட்டும். முதல் வேலையில் சேரும்போது அவளுக்குக் கைகொடுக்கப்போவது இந்தப் பழக்கம்தான். மகள்களும் அம்மாவின் பதிவைக் கேட்டு, புரியாத இடத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இருவருமே தேதி, நேரம், பாடம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மகளுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை வேண்டும். இதையும் அதில் சேர்க்கலாமா என்று திட்ட அலுவலரிடம் முன்பே கேளுங்கள். குழந்தைகளுக்காக வேலையை விட்டு, இப்போது திரும்ப நினைக்கும் அம்மா, கல்லூரியிடம் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். பயோடேட்டாவில் ‘சமூக சேவை’ என்று மட்டும் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எத்தனை நூல்கள், எந்தப் பாடம், எவ்வளவு காலம் என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அதிலிருந்துதான் கேள்வி வரும்.

பல கல்லூரிகளில் நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வுகள் நடக்கின்றன. அதற்கு ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.