நாரையலகுச் செடி

வட அமெரிக்காவின் கிழக்குப் பாகத்துக் காடுகளிலே, இளவேனிற் காலத்தில், ஒன்றிரண்டு அடி உயர்ந்து இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களோடு நிற்பதொரு செடியுண்டு. தாவர நூலார் அதனை ஜெரேனியம் மாக்குலேட்டம் என்பர். ஜெரனோஸ் என்னும் கிரேக்கச் சொல் நாரையைக் குறிப்பது. இதழ் உதிர்ந்தபின் நீண்டு கூர்த்தெழும் காயை நோக்குவார்க்குப் பெயரிட்டவரின் கண்கூர்மை விளங்கும். தமிழில் நாரையலகு எனலாம் என்பது என் கருத்து. உதகையில் தொட்டிகளில் வளர்த்து ஜெரேனியம் என்று நாம் வழங்குவதோ தென்னாப்பிரிக்கப் பெலர்கோனியம். லின்னேயஸ் 1753-இல் ஒரே பேரினத்தில் அடக்கிய அவ்விரண்டும் 1789-இல் பிரிக்கப்பட்டும், பழைய பெயர் நாவில் நின்றுவிட்டது.

மருந்தாவது இதன் நிலத்தடிக் கிழங்கு. கடுக்காயையும் மாதுளந்தோட்டையும் அறிந்த நமக்கு அதன் துவர்ப்பு புதிதன்று. தசையைச் சுருக்கிக் கசிவை நிறுத்துவது அத்துவர்ப்பே. செரோக்கி மக்கள் இதனைக் காட்டுத் திராட்சையோடு காய்ச்சி, அந்நீரால் குழந்தைகளின் வாய்ப்புண்ணைக் கழுவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மருத்துவர் கழிச்சலுக்கும் வழங்கினர். ஆயினும் துவர்ப்பு கழிச்சலை அடக்குமேயன்றி அதன் காரணத்தை நீக்காது; குருதி கலந்து போகுமாயின் மருத்துவரையே நாடல் வேண்டும்.

கிழங்கு வேண்டுமெனின் செடியைத் தோண்டியே ஆகவேண்டும். தோண்டக் கால் நாழிகை போதும். பூவொன்று தருவதோ ஐந்தே விதைகள். விதை செடியாகிப் பூக்க இரண்டு மூன்றாண்டுகள் செல்லும். ஆதலின் காட்டில் தோண்டாது, விதையிட்டு வளர்த்துக் கொள்வதே முறை.

விதையைக் கைப்பற்றுதல் எளிதன்று. அலகின் அடியில் ஐந்து அறைகள், அறைக்கொரு விதை. காய் உலருங்கால், ஒவ்வோர் அறையையும் பற்றிய நார் வில்லென மேல்நோக்கிச் சுருண்டு, விதையைப் பல அடி தூரம் எறிந்துவிடும். எனவே காய் கருக்கத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பையால் மூடிக் காம்போடு கட்டிவிடுவர். பிந்தினால் வெற்றுக் காம்பே மிஞ்சும்.

குளிர்காலமொன்றைக் கடந்தாலன்றி அவ்விதை பெரும்பாலும் முளையாது. இலையுதிர் காலத்தில், மக்கிய இலை கலந்த மண்ணில், அரைநிழலில், கால் அங்குல ஆழத்தில் ஊன்றிப் பனியில் விட்டுவிட்டால் இளவேனிலில் முளைக்கும். ஈரமணலோடு கலந்து குளிர்ப்பெட்டியில் ஏறத்தாழ 3 மாதம் வைத்து விதைப்பாரும் உளர். பனியறியாத நம் சமவெளிக்கு ஏற்றதன்று.

வளர்த்த செடியைத் தோண்டுங்காலும், மொட்டுள்ள கிழங்குத் துண்டொன்றை அக்குழியிலேயே திரும்பப் புதைத்துவிடின், அது மறுபடியும் தளிர்க்கும்.