நனைந்த பேட்டரி காரில் சாவியைத் திருப்பாதீர்கள்

கோல்ஃப் மைதானத்துக்காக உருவான மின்வண்டி இன்று கல்லூரி, மருத்துவமனை, கோயில், ரயில் நிலையம் எங்கும் பேட்டரி காராக ஓடுகிறது. தேங்கிய மழைநீரில் அதை இறக்குபவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: இன்ஜினும் இல்லை, சைலன்சரும் இல்லை, தண்ணீர் எதற்குள் போகும்? இதில் பாதி உண்மை. மோட்டார் காற்றை உறிஞ்சுவதில்லை. அதனால் வண்டி எப்படியோ அக்கரை சேர்ந்துவிடுகிறது. சேர்ந்துவிட்டதாலேயே ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான சேதம் கரையேறிய பிறகுதான் நடக்கிறது: ஈரம் காயாமல் மறுபடி கரன்ட் கொடுக்கும்போது.

இறங்குவதற்கு முன் ஆழத்தைக் கோல் ஊன்றி நடந்து பாருங்கள். 18 அங்குல டயர் போட்ட வண்டியில் அச்சின் நடு, தரையிலிருந்து சுமார் 9 அங்குலம். பின் அச்சோடு சேர்ந்த மோட்டாரும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கும். எனவே ரிம்மின் அடிவிளிம்பைத் தாண்டிய தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதே என் விதி. ஓடும் தண்ணீர் என்றால் அந்த அளவும் வேண்டாம். ஓரடி வெள்ளமே சிறிய காரை இழுத்துப் போகும், இதுவோ அதைவிட இலகுவான வண்டி. ஓடி வந்த சூட்டோடும் இறக்காதீர்கள். சூடான மோட்டாரும் கியர் பெட்டியும் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். நடை வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

சக்கரம் மட்டும் நனைந்திருந்தால், பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும். அன்றிரவு பார்க்கிங் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இல்லையென்றால் லைனர் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரோ இருக்கைக்கு அடியோ நனைந்திருந்தால் கதை வேறு. சாவியைத் திருப்பாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். ரன்–டோ சுவிட்ச் இருந்தால் ‘டோ’வில் வைத்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, டேப் சுற்றிய ஸ்பானரால் பேட்டரி வரிசையின் பிரதான நெகட்டிவ் கேபிளை முதலில் எடுங்கள். 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்பார்கள். பயம் ஷாக்கைப் பற்றியது அல்ல. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பானரே உருகும். சாவி அணைந்திருந்தாலும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை ஈரமான பாசிட்டிவ் முனையில் செம்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கேபிளை எடுத்தபின் சில நிமிடம் பொறுங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்னூட்டம் மிச்சமிருக்கும்.

பிறகு கழுவுதல். கடல்நீரோ சாக்கடையோ பட்டிருந்தால், காயவிடும் முன் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். கன்ட்ரோலரில் ‘ஐபி65’ என்று போட்டிருக்கிறதே என்று வாதாடுவார்கள். அந்த எண் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று சொல்லுமே தவிர, மூழ்கினால் தாங்கும் என்று சொல்லாது. பக்கத்திலுள்ள பிளக்கும் சென்சாரும் அதில் சேர்த்தி இல்லை. ஒவ்வொரு பிளக்கையும் பிரித்து, காற்றடித்து, இரண்டு மூன்று நாள் காற்றோட்டத்தில் விடுங்கள். பிரஷ் உள்ள பழைய மோட்டார் என்றால் திறந்து துடைக்க வேண்டும்; கார்பன் தூளும் ஈரமும் கலந்த சேறு கரன்ட்டைக் கடத்தும். பிளக் முனைகளில் கிரீஸ் தடவுவது காய்ந்த பிறகுதான். முன்பே தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். “உடனே ஓட்டிப் பார்த்தோம், ஓடுகிறதே” என்பது சான்று ஆகாது. பிளக்கிலும் சொலினாய்டிலும் பச்சை பூக்க வாரங்கள் ஆகும்.

லெட்–ஆசிட் பேட்டரியின் மூடிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால், சார்ஜ் போடும் முன்பே ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள், மற்றவற்றைவிட ஒப்படர்த்தி 0.05 குறைந்த செல் சந்தேகத்துக்குரியது. அதற்கு முன் மேற்பரப்பை, மூடிகளைத் திறக்காமல், ஆப்பசோடா கரைத்த நீரால் துடையுங்கள். லித்தியம் பேட்டரி மூழ்கியிருந்தால் திறக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம்; கட்டடத்திலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தி, விற்றவரை அழையுங்கள். 2022-இல் இயன் சூறாவளிக்குப் பின் புளோரிடாவில் கடல்நீரில் நனைந்த மின்கார்கள் தீப்பிடித்தன. வெளியே காய்ந்துவிட்டது என்பது உள்ளே உப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல.

கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். கடைசியில் நெகட்டிவ் கேபிளை மாட்டி, பின்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி மெதுவாகச் சுழலவிட்டுப் பார்த்த பிறகே தரையில் இறக்குங்கள். இரண்டு மூன்று நாள் வண்டி நின்றால் வேலை கெடுமே என்றால், கன்ட்ரோலர் எரிந்து புதியது வரும்வரை அது எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.