சொர்க்கம் என்ற பெயர் கொண்ட மாமியார்

எட்டாம் வகுப்பில் நாடகப் பாடம் தொடங்கும் முன், அசர்பைஜான் நாட்டு நகைச்சுவை நடிகை நசீபா ஜெய்னலோவாவைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வேன். அவர் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அது பள்ளி மாணவர்களிடம் தொடங்குகிறது.

1873ஆம் ஆண்டு, அக்கால நாட்காட்டிப்படி மார்ச் 10. காஸ்பியன் கடலோர நகரமான பக்கூவில் பள்ளி மாணவர்கள் மேடையேறினார்கள். நாடகம், மிர்சா ஃபத்தலி அகுந்தொவ் எழுதிய நகைச்சுவை. ஏற்பாடு செய்தவர் ஹசன் பே ஜர்தாபி என்ற அறிவியல் ஆசிரியர். உடன் நின்றவர் நஜாஃப் பே வெசிரோவ் என்ற மாணவர். அசர்பைஜான் தேசிய நாடக அரங்கின் பிறந்தநாளாக இன்றும் மார்ச் 10 கொண்டாடப்படுகிறது.

அது பெண்கள் மேடையேறாத காலம். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அடுத்த தலைமுறை நடிகர்களுள் ஒருவர் ஜஹாங்கிர் ஜெய்னலோவ். அவருடைய மகள்தான் நசீபா. 1916இல் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். ஆனாலும் தந்தையின் தொழிலுக்கே வந்தார். பக்கூவின் இசை நகைச்சுவை அரங்கில் பல்லாண்டுகள் நடித்தார்.

உசெயிர் ஹாஜிபெயோவ் 1913இல் இயற்றிய ‘அர்ஷின் மால் ஆலன்’ நாடகத்தில், பெண்ணைப் பார்க்காமல் திருமணம் செய்ய விரும்பாத இளைஞன் துணி வியாபாரியாக வேடமிட்டு வீடு வீடாகச் செல்கிறான். அவனுடைய அத்தை ஜஹானாக நசீபா நடித்தார். 1978இல் வெளிவந்த ‘மாமியார்’ திரைப்படம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. மகன் குடும்பத்தில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் அந்த மாமியாரின் பெயர் ஜன்னத். சொர்க்கம் என்று பொருள்! இந்த இடத்தில் வகுப்பே சிரித்துவிடும். முரண் என்ற இலக்கிய உத்தியை அதன்பின் தனியே விளக்க வேண்டியதில்லை. நசீபா மறைந்தது 2004இல். அந்த நாளும் மார்ச் 10.

கதை முடிந்ததும் இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன். நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நிறம், உடல், திக்குவாய், வீட்டுத் தொழில் ஆகியவற்றை வைத்துப் பிறக்கும் சிரிப்பு ஒரு குழந்தையைப் பள்ளியைவிட்டே துரத்தக்கூடும். அகுந்தொவும் ஹாஜிபெயோவும் கேலி செய்தது பழக்கத்தை, பேராசையை, அதிகாரத்தை. இந்த வேறுபாடு புரிந்தபின் குழுவுக்கு ஐவராகப் பிரித்து, தெருவில் கண்ட ஒரு வழக்கத்தை ஐந்து நிமிட நாடகமாக்கச் சொல்வேன். விதி ஒன்றுதான்: யாருடைய தோற்றத்தையும் கிண்டல் செய்யக்கூடாது. முதலில் தயங்குவார்கள். பிறகு குடம் வைத்து இடம்பிடிப்பதும் கைப்பேசியில் கத்திப் பேசுவதும் மேடைக்கு வரும்.

நம் ஆண்டுவிழாக்களில் சிரிக்க வைக்கும் வேடம் பெரும்பாலும் மாணவர்களுக்கே போகிறது; மாணவிகளுக்கு நடனம். இந்த ஆண்டு அந்த வேடத்தை ஒரு மாணவிக்குக் கொடுத்துப் பாருங்கள்.