கடைக்குத் தினமும் போகிறவர் சொன்னது

குடும்ப நலம் என்றதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தடுப்பூசியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வீட்டுக்கு வரவேண்டிய கூலியும், வீட்டுக்காரரின் உடம்பும் சாயங்காலத்தில் எங்கே போகின்றன என்பதும் குடும்ப நலத்தைச் சேர்ந்ததே. ஆகவே இந்த வெளியீட்டில் மதுக்கடையின் அன்றாட வாடிக்கைக்காரர் ஒருவரைப் பேச விட்டிருக்கிறோம். அவர் ஒரு கொத்தனார். பலர் சொல்லக்கூடியதை ஒருவர் வாய்மொழியாகச் சேர்த்திருக்கிறோம். எவரையும் சுட்டுவது நோக்கமல்ல. கேட்பவர் கிராம சுகாதார செவிலியர்.

"வேலை விட்டா ஆறு மணிங்க அம்மா. சிமெண்டு தூசி தொண்டையை அடைக்கும், இடுப்பு விட்டுப்போகும். கூட்டாளி 'வாண்ணே, ஒரு கட்டிங்'ம்பான். ஒரு குவார்ட்டரை ரெண்டு பேர் பங்கு போட்டுக்குவோம். அப்போ அது போதும். அப்புறம் ஆளுக்கு ஒரு குவார்ட்டர் ஆச்சு. இப்போ ரெண்டு. பார்ல உட்கார்ந்தா அவிச்ச முட்டை, சுண்டல், தண்ணி, டம்ளர்னு அதுக்குத் தனிக் காசு. போதைக்குன்னு மட்டும் போறதில்லைங்க. நாலு பேரு நம்மளை மதிச்சு அண்ணேன்னு கூப்பிடுற எடம் அது ஒண்ணுதான்."

கடைசியில் அவர் சொன்னதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். குடியை நிறுத்தியவருக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன செய்வது என்று தெரியாது. அந்த மூன்று மணி நேரத்துக்கு வேறு இடமும் வேறு ஆட்களும் கிடைக்காவிட்டால், கால் தானாகப் பழைய வழிக்கே போகும்.

"ரெண்டு குவார்ட்டர்னா எவ்வளவுன்னு தெரியுமாண்ணே?" என்று செவிலியர் கேட்டார். "அதான் ரெண்டு குவார்ட்டர்" என்றார் அவர்.

கணக்கு இதுதான். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டில் சீட்டில் 42.8 சதவிகிதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். தண்ணீர் எவ்வளவு கலந்தாலும் இந்த 60 குறையாது. ஈரல் மணிக்கு ஏழு அல்லது எட்டு கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சம்பழம், குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. ஒரு குவார்ட்டர் கரைய எட்டு மணி நேரம், இரண்டு கரைய ஏறக்குறைய பதினாறு மணி நேரம். இரவு ஒன்பதுக்கு முடித்தவர் காலை ஒன்பதுக்குச் சாரத்தில் ஏறும்போது இரத்தத்தில் மது இன்னும் இருக்கிறது. தெளிந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார், கால் தெளியவில்லை. "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு சொல்: 8 சதவிகித பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் இருக்கிறது.

பணக் கணக்கை அவரே போட்டார். குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்தால் இரண்டுக்கு 300, சைடுக்கு 50. மாதம் 25 நாளில் 8,750 ரூபாய். எழுதிப் பார்த்த பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலைல கை நடுங்குதுங்க. கரண்டி பிடிச்சா மட்டம் நிக்கலை. ஒரு மூடி ஊத்தினா நின்னுடுது. வீட்ல கோயிலுக்குக் கூட்டிப்போய் கயிறு கட்டலாங்குறா. வெள்ளிக்கிழமைலேர்ந்து சுத்தமா விட்டுடறேன்."

இந்தத் துண்டு வெளியீட்டை நாம் அச்சிடுவதே இந்த இடத்துக்காகத்தான். கயிறு கட்டுவதும், மாலை போடுவதும் நல்ல எண்ணமே. பலருக்கு அது மனத்துணையாக இருந்திருக்கிறது. ஆனால் காலையில் கை நடுங்குகிறவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, இடம் தெரியாமல் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். வீட்டார் காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறார்கள். அது பேயல்ல, கயிற்றின் குற்றமும் அல்ல. மதுவுக்குப் பழகிய மூளை அது இல்லாமல் தடுமாறுகிறது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

இத்தகையவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தே நிறுத்த வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மருந்தை டாக்டர் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார். பி-1 வைட்டமினும் ஊசியாகப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் உடம்பு தேறும். மனம் தேற மாதங்கள் ஆகும். நடுவில் ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று கைவிட வேண்டாம், மறுபடி வரலாம்.

அவருக்குத் தெரியாமல் சோற்றில் பொடியோ மாத்திரையோ கலந்து கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாகக்கூடும். அதை அவர் சம்மதத்தோடு டாக்டர்தான் தர வேண்டும்.

கடை மூடிய நாளில் பாக்கெட் சாராயம் தேடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. குடித்தபின் கண் மங்கினால், வயிறு வலித்து வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"அப்போ வெள்ளிக்கிழமை எங்கே வரணும்?" என்று கொத்தனார் கேட்டார். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. போக்குவரத்து தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். அதுவரை அவர் தானாக முற்றும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வரும்போது கூட ஒருவர் வரட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும், கடைசியாகக் குடித்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதியும் கொண்டு வரவும்.